இரண்டு கடிதங்கள், ஒரே பிள்ளை

எம்மைப் போன்ற பெண்களின் கைக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் நல்ல செய்தி கொண்டு வருவதில்லை. விசாரணைக்கு வரச் சொல்லும் கடிதம், கடன் தவணை பிந்திவிட்டது என்னும் கடிதம், பட்டியலில் பெயர் இல்லை என்னும் கடிதம் என்றே பழகிவிட்டோம். 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் என் மகளுக்குத் தரம் 6இல் இடம் தருவதாக இரண்டு தனியார் பாடசாலைகளிலிருந்து ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. தோட்டத்தில் இது பெரிய செய்தியாகிவிட்டது. "உனக்கென்னா தங்கச்சி, ரெண்டு ஸ்கூல்ல கூப்பிடுறாங்க" என்று பணிய லயத்துப் பெண்கள் சொன்னார்கள். ஒரு கடிதம் வந்திருந்தால் நானும் சந்தோசப்பட்டிருப்பேன். இரண்டு வந்ததால் பதினைந்து நாள் தூக்கம் போய்விட்டது.

இதைப் பற்றி எழுதும்படி கேட்டபோது முதலில் தயங்கினேன். ஆனால் இன்று பல சகோதரிகளுக்கு இதே நிலைமை வருகிறது. போரில் பாதிக்கப்பட்ட குடும்பப் பிள்ளை என்றால் கட்டணச் சலுகை தரச் சில பாடசாலைகள் முன்வருகின்றன. நகரங்களில் புதிய ஆங்கில மொழிப் பாடசாலைகள் பிள்ளைகளைத் தேடுகின்றன. தெரிவு செய்யும் உரிமை எங்கள் கைக்கு வரும்போது, எதை வைத்துத் தெரிவு செய்வது என்று சொல்லித்தர வீட்டில் படித்தவர்கள் இருப்பதில்லை.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பெற்றோர் இறக்குவானைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்கள். 1977 ஓகஸ்ட் கலவரத்தில் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிக்கப்பட்டபோது எத்தனையோ குடும்பங்கள் வடக்கு நோக்கிப் போயின. எங்கள் பெற்றோரும் போனார்கள். ஏழு வயது அக்காவை மட்டும் அம்மாச்சியிடம் விட்டுவிட்டுப் போனார்கள். நான் பிறந்தது கிளிநொச்சி பாரதிபுரத்தில். 2009 மே மாதத்தில் கடைசி நாட்களில் என் கணவர் காணாமற் போனார். மகளுக்கு அப்போது பத்து மாதம். செட்டிகுளம் முகாமிலிருந்து 2010இல் வெளியே விட்டபோது போவதற்கு வீடு இருக்கவில்லை. அக்காவின் லயத்துக் காம்பராவுக்கு வந்தேன். அன்றிலிருந்து கைக்காசுக்குப் பால்வெட்டும் வேலை, பின்னேரம் தையல். மகள் தோட்டப் பாடசாலையில் படித்தாள். அது தரம் 5 வரைதான்.

ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் சித்தியடைந்தாள். ஆனால் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைவு. ஆகவே அந்த வழியில் பெரிய பாடசாலை கிடைக்காது. நகரத்திலுள்ள அரச தமிழ்ப் பாடசாலையில் சேர்க்கலாம். அங்கே அப்போது கணித ஆசிரியர் இல்லை. போய்வர இரண்டு பஸ். நான் விடியற்காலை ஐந்தரைக்கு மலைக்குப் போனால், பிள்ளை றப்பர் காட்டு ஒற்றையடிப் பாதையில் தனியாக இறங்கிப் பஸ்ஸுக்குப் போக வேண்டும். பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு சமூக நலன் நிலையத்தின் வெளிக்கள உத்தியோகத்தர் தங்கச்சி எங்களுக்காக நான்கு விண்ணப்பப் படிவங்களை நிரப்பினார். அதில் இரண்டுக்குப் பதில் வந்தது.

ஒன்று, யாழ்ப்பாணத்திலுள்ள ஒரு மிஷன் பாடசாலை. தமிழ் மொழி மூலம், விடுதி உண்டு. படிப்புக் கட்டணம் இல்லை, விடுதிக்கு மாதம் 2,500 ரூபா மட்டும் கட்டினால் போதும் என்று எழுதியிருந்தார்கள். மற்றது, இரத்தினபுரி நகரத்தில் ஒரு சர்வதேசப் பாடசாலை. ஆங்கில மொழி மூலம். அனுமதிக் கட்டணம் 40,000 ரூபா, தவணைக்கு 18,000 ரூபா. எங்களுக்கு முதல் வருடம் தவணைக் கட்டணத்தில் பாதிச் சலுகை. பதினைந்து நாட்களுக்குள் 10,000 ரூபா முற்பணம் கட்டி இடத்தை உறுதிசெய்ய வேண்டும். வீட்டிலிருந்து வான் போகும், பிள்ளை இரவில் என்னருகில் படுப்பாள். இந்தக் கடைசி விடயம்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது.

இரண்டு பாடசாலைகளின் பெயரையும் எழுதவில்லை. ஒன்றில் பிள்ளை இன்னும் படிக்கிறாள், மற்றதில் எனக்குத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

"தனியார்" என்றால் ஒன்றல்ல

எங்கள் நாட்டில் தனியார் பாடசாலை என்று சொல்லப்படுபவை இரண்டு வெவ்வேறு வகை. இதை அறியாமலே பலர் பணம் கட்டுகிறார்கள்.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அப்போது பெரும்பாலான நல்ல பாடசாலைகள் மிஷன்களிடமும் சைவ, பௌத்த சபைகளிடமும் இருந்தன. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ் கொண்டுவந்தன. சில பாடசாலைகள் மட்டும் தனியாராக இருப்போம் என்று விலகி நின்றன. யாழ்ப்பாணத்தில் 1823இல் தொடங்கிய பரியோவான் கல்லூரி, 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் கல்லூரி, 1850இல் தொடங்கிய சென். பத்திரிசியார் கல்லூரி, 1896இல் தொடங்கிய சுண்டுக்குளி மகளிர் கல்லூரி ஆகியவை இப்படி நின்றவை. கொழும்பிலும் இப்படிப் பல உண்டு. இவை கல்வி அமைச்சு ஏற்றுக்கொண்ட தனியார் பாடசாலைகள். அரச பாடத்திட்டம், அரச பாடநூல், பிள்ளைகள் எழுதுவது எமது சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள்.

சர்வதேசப் பாடசாலை வேறு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 5 வயது முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க முடியாது. ஆகவே 1970களின் பிற்பகுதியிலிருந்து தோன்றிய சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் கம்பனிகளாகப் பதியப்பட்டன. துணிக்கடை, பேக்கரி எந்தச் சட்டத்தில் பதியப்படுகிறதோ அதே சட்டம். இதனால் அவை கெட்டவை என்று சொல்லவில்லை. நல்ல ஆசிரியர்கள் உள்ள இடங்களும் உண்டு. ஆனால் கட்டணம் கூடினால், ஆசிரியர் விலகினால், பாடசாலையே மூடப்பட்டால் வலயக் கல்வி அலுவலகத்திடம் போய் முறையிட முடியாது. அது உங்களுக்கும் ஒரு கம்பனிக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரத்தில் எங்கும் இடம் இருக்கவில்லை. இலவசக் கல்வி வந்த பின்னரும் தோட்டப் பாடசாலை தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே கிடந்தது. ஒரு அறை, ஒரு ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு, அதோடு மலைக்குப் போக வேண்டியதுதான். தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பின், 1977 முதல்தான் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கத்திடம் வந்தன. என் அக்கா பெயர் எழுதப் படித்ததோடு நின்றவள். "எனக்கு ஒரு ஸ்கூலே இல்ல, இவளுக்கு ரெண்டா?" என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். பொறாமை இல்லாத பேச்சு, ஆனால் எனக்குச் சுட்டது.

மழையும் பால்வெட்டும்

கணக்குப் பார்த்தோம். 2018இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபா. வரவு, உற்பத்தி, விலைப்பங்கு என்று எல்லாக் கொடுப்பனவும் சேர்ந்தால் 730. கைக்காசு ஆளுக்கு அதுவும் உறுதியில்லை. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. இரத்தினபுரி மாவட்டத்தில் மழை பெய்யாத மாதம் எது என்று இங்கே வாழ்பவர்களைக் கேட்டுப் பாருங்கள்! மே, ஜூனில் ஒரு மாதத்தில் பத்து நாள் வேலை செய்திருக்கிறேன். ஒக்டோபர், நவம்பரிலும் அப்படித்தான். பாடசாலைத் தவணைக் கட்டணம் மழையைப் பார்த்து வருவதில்லை. ஜனவரி, மே, செப்ரெம்பர் என்று அதற்கு ஒரு நாள் இருக்கிறது. மே மாதக் கட்டணம் எங்கள் கையில் காசே இல்லாத மாதத்தில் வந்து நிற்கும். மொத்த வருமானத்தை வருடத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்துப் பார்த்தால் "கட்டலாம்" என்றுதான் வரும். மாதம் மாதமாக எழுதிப் பார்த்தால் கட்ட முடியாது என்று தெரியும். அந்த வெளிக்கள உத்தியோகத்தர் தங்கச்சிதான் ஒரு கொப்பியில் பன்னிரண்டு மாதத்தையும் தனித்தனியாக எழுதச் சொன்னார். இதைச் செய்யாமல் எவரும் ஒரு சதம்கூட முற்பணம் கட்ட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கடிதத்தில் இல்லாத செலவுகள் வேறு. சர்வதேசப் பாடசாலையில் பாடநூல் காசுக்கு வாங்க வேண்டும். அரசாங்கம் 1980 முதல் இலவசமாகத் தரும் பாடநூலும் 1993 முதல் தரும் சீருடைத் துணியும் அங்கே இல்லை. சீருடையை அவர்கள் சொல்லும் கடையில்தான் எடுக்க வேண்டும். தையல்காரியான எனக்கு அந்தக் கவுணைப் பார்த்ததும் துணி எத்தனை யார், கூலி எவ்வளவு என்று தெரிந்துவிட்டது. அவர்கள் சொன்ன விலை அதைப்போல மூன்று மடங்கு. வான் காசு மாதம் 4,500. விளையாட்டுப் போட்டி, கலைவிழா, சுற்றுலா என்று இன்னும் வரும். யாழ்ப்பாணத்து விடுதிக்குப் படுக்கை விரிப்பு, பெட்டி, வாளி, இரண்டு சோடி சப்பாத்து, தவணைக்கு ஒரு தடவை போய்வரும் செலவு. இறக்குவானையிலிருந்து கொழும்புக்குப் பஸ், அங்கிருந்து ரயில், முழுதாக ஒரு நாள். என் இரண்டு நாள் கூலி இல்லாமற் போகும், அதையும் செலவில் எழுத வேண்டும்.

இன்னொரு விடயம் சலுகையின் ஆயுள். இந்தியாவில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பாடசாலைகள் ஆரம்ப வகுப்பில் 25 சதவீத இடங்களை வறிய, பின்தங்கிய குடும்பப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். எமது நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை. இங்கே சலுகை என்பது அந்தப் பாடசாலையின் மனம்தான். மனம் மாறலாம், அதிபர் மாறலாம். ஆகவே இரண்டு பாடசாலைக்கும் ஒரே கேள்வியைக் கடிதமாக எழுதினோம்: இந்தச் சலுகை எந்தத் தரம் வரை? யாழ்ப்பாணத்திலிருந்து, தரம் 11 வரை என்று அதிபர் கையொப்பத்தோடு பதில் வந்தது. இரத்தினபுரியிலிருந்து தொலைபேசியில் பதில் சொன்னார்கள். "ஒவ்வொரு வருசமும் பார்ப்போம், அம்மா, ஒரு பிரச்சினையும் வராது" என்றார்கள். எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். தரவில்லை.

போய்ப் பார்த்தோம்

இரண்டு பாடசாலைக்கும் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தினபுரியில் வரவேற்பு அறை அழகாக இருந்தது. சுவரில் உலகப் படம், கண்ணாடிக் கதவு. இரண்டு மாடி வீடு ஒன்றைத்தான் பாடசாலையாக மாற்றியிருந்தார்கள். பிள்ளைகள் ஓடி விளையாட இடமில்லை. ஆனால் ஒரு சிறு பெண் பிள்ளை படிக்கட்டில் நின்று என் மகளிடம் ஆங்கிலத்தில் பெயர் கேட்டது. மகள் வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்தாள். அந்தப் பிள்ளையின் தாய் கொழுந்து எடுப்பவர் என்று பின்னர் அறிந்தேன். எனக்கு மனம் ஆடிப் போய்விட்டது. எங்கள் பிள்ளையும் இப்படிப் பேசினால் எப்படி இருக்கும்! இந்த ஆசையை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலம் பேசும் பிள்ளையை எவரும் "தோட்டத்துப் பிள்ளை" என்று சொல்லித் தள்ளிவிட முடியாது என்று எங்கள் பெண்கள் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது.

அங்கே படிவத்தில் தந்தையின் பெயர், தொழில், மாத வருமானம், தொலைபேசி இலக்கம் என்று கட்டங்கள் இருந்தன. பெயரை எழுதி மற்றவற்றை வெறுமையாக விட்டேன். அலுவலகத்திலிருந்த பெண், "இறந்துவிட்டாரா?" என்று கேட்டார். காணாமற் போனவர் என்றேன். "அப்படி என்றால் எதைப் போடுவது? இறந்தவரா, இல்லையா?" என்றார். மரணச் சான்றிதழ் கொண்டுவந்தால் சலுகைக்கு இலகு என்றும் சொன்னார். அவர் கெட்ட மனத்தோடு கேட்கவில்லை. அவர் கணனியில் இருந்தது இரண்டு கட்டம், மூன்றாவது இல்லை. ஆனால் இந்தக் கேள்வி எங்களுக்கு என்ன செய்யும் என்பது இதை வாசிக்கும் பலருக்குத் தெரியும். மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்களுக்காக, காணாமற் போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. பாடசாலை விண்ணப்பங்களுக்கும் அதைக் காட்டலாம். அப்போது என்னிடம் அது இருக்கவில்லை. மகள் பக்கத்தில் நின்றாள். அவள் அந்தக் கேள்வியை முதன்முதலாக வேறொருவர் வாயிலிருந்து கேட்டது அன்றுதான்.

யாழ்ப்பாணத்துக்கு ரயிலில் போனோம். 2014இல்தான் யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்ப ஓடத் தொடங்கியது. வவுனியாவைத் தாண்டியதும் எனக்குக் கை குளிர்ந்துவிட்டது. கிளிநொச்சி நிலையத்தில் ரயில் நின்றபோது நான் யன்னல் பக்கம் பார்க்கவில்லை. அந்த மண்ணிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் நான். திரும்பவும் அதே பாதையில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வருவதா? ஒருவரை விட்டுவிட்டு வந்து அவர் வரவேயில்லை என்றானவர்களுக்கு, "விடுதி" என்ற சொல்லே வேறு விதமாகக் கேட்கும்.

பாடசாலை பழைய கட்டடம். சுவரில் திருத்திய தடங்கள். பெரிய மாமரங்கள், மைதானம். வகுப்பறை பார்ப்பதற்கு முன் கழிவறையையும் குளிக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். விடுதிப் பொறுப்பாளர் அம்மா ஒரு நொடி பார்த்துவிட்டு, "வாங்கோ, காட்டிறன்" என்று கூட்டிக்கொண்டு போனார். கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் இருந்தது. தண்ணீர் இருந்தது. இரவில் பொறுப்பாளர் எங்கே படுக்கிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் எந்த வைத்தியசாலை, தொலைபேசி எப்போது எடுக்கலாம், பிள்ளையைப் பார்க்க யார் வரலாம் என்று கேட்டேன். எனது எழுத்து இல்லாமல் எவரிடமும் பிள்ளையை விடமாட்டோம் என்றார். பெண் பிள்ளையை விடுதியில் சேர்ப்பவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்க வெட்கப்படக் கூடாது. கேட்டதற்காகக் கோபப்படும் விடுதியென்றால், அங்கே பிள்ளையை விடாமல் வருவதே நல்லது.

அவர்கள் படிவத்திலும் தந்தை பற்றிய கட்டம் இருந்தது. அதே வார்த்தையைச் சொன்னேன். அதிபர் அம்மா பேனாவை எடுத்து, "தாய் பாதுகாவலர்" என்று மேலே எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இங்கே படிக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய படிவம் இப்படித்தான் என்றார். வாயிலில் காத்திருந்த இரண்டு தாய்மாரோடும் பேசினேன். ஒருவர் முல்லைத்தீவு. சாப்பாடு பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அழும், முதல் தவணை தாங்கினால் சரி என்றார். பாடசாலையைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமானால் வாயிலில் நிற்கும் தாய்மாரைக் கேட்பதே சிறந்த வழி.

எந்த மொழி, எந்த மாவட்டம்

சப்ரகமுவத் தோட்டங்களில் மொழிப் பிரச்சினை நுவரெலியாவைப் போன்றதல்ல. இங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையில் சிதறிக் கிடக்கின்றன. தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வசதியுள்ள பாடசாலைகள் மிகக் குறைவு. ஆகவே பக்கத்திலிருக்கும் சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர். என் அக்காவின் மகனும் சிங்களத்தில்தான் படித்தான். இன்று பெல்மதுளையில் நல்ல வேலையில் இருக்கிறான். அவனுக்குத் தமிழ் எழுத வராது. அக்காவுக்கு அவன் அனுப்பும் குறுஞ்செய்தியை நான்தான் வாசித்துச் சொல்வேன். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த வழியும் ஒரு வழி.

ஆனால் ஆங்கில மொழி மூலம் என்றால், பிள்ளை எழுதப் போகும் பரீட்சை எது என்று கேட்க வேண்டும். லண்டன் பரீட்சை எழுதும் பிள்ளை எமது உயர்தரப் பெறுபேற்றோடு போட்டியிட்டு அரச பல்கலைக்கழகத்துக்குப் போக முடியாது. பிறகு பணம் கட்டித்தான் படிக்க வேண்டும். பால்வெட்டும் தாயின் பிள்ளைக்கு அரச பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டால் வேறு எந்தக் கதவு இருக்கிறது? சில சர்வதேசப் பாடசாலைகள் உள்நாட்டுப் பாடத்திட்டத்தை ஆங்கிலத்தில் நடத்துகின்றன. இரத்தினபுரிப் பாடசாலையில் தரம் 9 வரை ஒன்று, அதன்பின் லண்டன் என்றார்கள்.

மாவட்ட விடயமும் உண்டு. பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 சதவீத இடம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகிறது. பிள்ளை எந்த மாவட்டம் என்பதைப் பிறந்த ஊர் தீர்மானிப்பதில்லை. உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் படித்த பாடசாலைதான் முக்கியம். இரத்தினபுரியும் யாழ்ப்பாணமும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன, கேகாலையும் கொழும்பும் இல்லை. கொழும்புப் பாடசாலையில் இடம் கிடைத்தது என்று சந்தோசப்படும் தெரணியகலை, யட்டியந்தோட்டைப் பெற்றோர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை ஒருதடவை யாரிடமாவது கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

மகளிடம் கேட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று அக்கா சொன்னாள். ஆனாலும் கேட்டேன். அவள் சொன்ன பதில் எனக்கு எதிர்பாராதது: "அங்க இருக்கிற பிள்ளைங்களுக்கும் அப்பா இல்லதானே அம்மா? அப்ப யாரும் கேக்கமாட்டாங்க." யாழ்ப்பாணம் என்று முடிவானது. பதினான்காம் நாள் இரத்தினபுரிப் பாடசாலைக்கு, இடம் தந்ததற்கு நன்றி, பிள்ளை வேறு பாடசாலையில் சேர்கிறாள் என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பினோம். அந்த இடம் இன்னொரு பிள்ளைக்குப் போகட்டும்.

அதன் பின் நடந்தது எல்லாம் சுகம் என்று சொல்லமாட்டேன். 2019 ஜனவரியில் விட்டுவிட்டு வந்த அன்று, "அழாமல் போங்கோ, நீங்கள் அழுதால் அவவும் அழுவா" என்று விடுதி அம்மா என்னை வெளியே அனுப்பிவைத்தார். ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகள் நடந்தபோது அவள் விடுமுறைக்கு வீட்டில் இருந்தாள். இரண்டாம் தவணைக்கு மீண்டும் அனுப்ப என் கை எழவில்லை, ஒரு வாரம் பிந்தித்தான் அனுப்பினேன். 2020 மார்ச் நடுவில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. லயத்தில் சிக்னல் இல்லை. மேட்டுக் கல்லில் ஏறி, குடையைப் பிடித்துக்கொண்டு அக்கா மகனின் கைத்தொலைபேசியில் பாடம் எடுத்தாள். அட்டை கடித்த கால்களோடு இறங்கி வருவாள். 2022இல் சமையல் எரிவாயுவும் பெற்றோலும் இல்லாமற் போனபோது விடுதியில் சாப்பாடு குறைந்தது, கட்டணம் எல்லோருக்கும் கூடியது. அதிபர் மாறியிருந்தார். எங்களிடம் கையொப்பமிட்ட கடிதம் இருந்தது. அதன் பிரதியை அனுப்பினேன். எங்களுக்குக் கட்டணம் கூட்டப்படவில்லை.

அதே வருடம் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனது. பவுணில் கட்டும் லண்டன் பரீட்சைக் கட்டணமும் அப்படியே ஏறியது. இரத்தினபுரியில் அந்தப் படிக்கட்டில் கண்ட பிள்ளையை அவள் தாய் தரம் 9இல் நிறுத்தி அரச பாடசாலையில் சேர்த்தார். தமிழில் விஞ்ஞானச் சொற்கள் தெரியாமல் ஒரு வருடம் கஷ்டப்பட்டாள். ஆனால் இன்று தோட்டத்தில் எவருக்கு ஆங்கிலக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் கொண்டு போகிறார்கள். அந்தத் தாய் கட்டிய காசு வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

என் மகள் 2024ஆம் ஆண்டுக்கான சாதாரண தரப் பரீட்சையை 2025 மார்ச்சில் எழுதி, கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் நல்ல பெறுபேறு பெற்றாள். இப்போது உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. பழைய சலுகை தரம் 11ஓடு முடிந்துவிட்டது. புதிதாக விண்ணப்பித்து, விடுதிக் கட்டணத்தில் பாதி கட்டுகிறேன். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா என்றும் 2024இல் 1,350 என்றும் வர்த்தமானியில் வந்தது, அரிசி விலை அதற்கு முன்னால் ஓடுகிறது. அவள் பேச்சில் இப்போது பாதி யாழ்ப்பாணம். "என்ன செய்யிறியள் அம்மா" என்று அவள் கேட்டால் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

போன வாரம் தெரணியகலைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய கணவரும் 2009இல் போனவர். மகனுக்கு இரண்டு இடத்தில் அனுமதி கிடைத்திருக்கிறதாம், ஒன்றுக்கு நாளைக்கே 25,000 ரூபா முற்பணம் கட்டச் சொல்கிறார்களாம், தோட்டைக் கழற்றி அடகு வைக்கப் போகிறாளாம். பிள்ளை சேராவிட்டால் அந்தக் காசைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டாயா என்றேன். கேட்கவில்லை என்றாள். தோட்டைக் காதிலேயே வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை போய்க் கேட்டு எழுத்தில் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன்.